ஆற்று மணலா, எம்-சாண்டா? கடலூர், புதுச்சேரியில் வீடு கட்டப் போகிறவர்களுக்கு

கடலூர்க்காரனுக்கு மணல் பஞ்சமா என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கத்தான் தோன்றும். பெண்ணையாறு, கெடிலம், வெள்ளாறு, தெற்கு எல்லையில் கொள்ளிடம் என்று இத்தனை ஆறு கடலில் சேருகிற மாவட்டம், கொஞ்சம் வடக்கே போனால் புதுச்சேரிக்குச் சங்கராபரணி, கிழக்கே திரும்பினால் கண்ணுக்கெட்டிய தூரம் கடற்கரை. ஆனாலும் மஞ்சக்குப்பத்திலோ வில்லியனூரிலோ இன்றைக்கு ஒருவர் கடைக்கால் தோண்டினால், கம்பி விலை சிமென்ட் விலையெல்லாம் அப்புறம், மேஸ்திரியிடம் முதலில் கேட்பது "மணலுக்கு என்ன பண்றது?" என்பதைத்தான்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காரணத்தைப் பிறகு பார்க்கலாம். காங்கிரீட்டுக்கு எம்-சாண்ட், அதாவது கருங்கல்லை உடைத்துச் செய்யும் மணல். கட்டு வேலைக்கும் அதுவே போதும். பூச்சுக்கு அதிலேயே இன்னும் நைசான பி-சாண்ட், உள்சுவர் என்றால் ஜிப்சம் பூச்சையும் யோசிக்கலாம். அடிமட்டம் நிரப்ப மணலே வேண்டாம். ஆற்று மணல் சட்டப்படி அனுமதிச் சீட்டோடு கிடைத்தால்கூட எனக்கு அது இரண்டாம் பட்சம்தான். இதில் கடைசி வரிக்குத்தான் எங்கள் பக்கத்து மேஸ்திரிகள் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அதனால் அதற்கு இங்கே கொஞ்சம் நீளமாகவே இடம் கொடுக்கிறேன்.

முதலில் நம் மண்ணின் கதை. கடலூர் கடலோரமும் புதுச்சேரியும் உட்கார்ந்திருப்பது ஆறும் கடலும் கொண்டு வந்து கொட்டிய படிவத்தின் மேல். நிலவியல்காரர்கள் இங்குள்ள ஒரு அடுக்குக்கு வைத்திருக்கும் பெயரே கடலூர் மணற்கல். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எடுக்க இதைத்தான் தோண்டித் தள்ளுகிறார்கள். கேப்பர் மலையின் செம்மண்ணும் இந்த வகையறாதான். கருங்கல் என்று ஒன்று வேண்டுமானால் மாவட்டத்தின் மேற்கு ஓரம், வேப்பூர், திட்டக்குடிப் பக்கம் போக வேண்டும், இல்லையென்றால் வடக்கே வானூர், திண்டிவனம், செஞ்சி. வக்ரகாளியம்மன் கோயிலுக்கும் கல்மரப் பூங்காவுக்கும் பேர்போன திருவக்கரை இருக்கிறதே, அந்தச் சுற்று வட்டாரத்தில்தான் கல் குவாரிகளும் கிரஷர்களும். ஆக நமக்கு மணல் வீட்டு வாசலில், கல் அடுத்த மாவட்டத்தில். புதுச்சேரிக்கு இன்னும் மோசம்: மணல், ஜல்லி, எம்-சாண்ட் எல்லாமே பெரும்பாலும் தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டித்தான் வர வேண்டும். அதே யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்த ஏனாம் கோதாவரிக் கரையில் இருக்கிறது என்பது பாகூரில் வீடு கட்டுகிறவருக்கு எந்த விதத்திலும் உதவாது.

உலக அளவிலும் இதே கோணல்தான். தண்ணீருக்கு அடுத்தபடியாக மனிதன் அதிகம் எடுத்துப் பயன்படுத்தும் பொருள் மணலும் சரளையும்தான், ஆண்டுக்கு 5,000 கோடி டன் என்று ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் கணக்குச் சொல்கிறது. பாலைவனம் முழுக்க மணல் இருந்தும் அரபு நாடுகள் கட்டடத்துக்கு மணல் இறக்குமதி செய்வது கேலி இல்லை. காற்றில் உருண்டு உருண்டு வழவழப்பாகிப் பொடியாகிவிட்ட மணலில் சிமென்ட் சரியாகப் பிடிக்காது. மணல் இருப்பது வேறு, நமக்கு வேண்டிய மணல் இருப்பது வேறு.

சரி, ஆற்று மணலுக்கு வருவோம். அதன் நல்ல குணங்களை மறைக்க வேண்டியதில்லை. பல நூறு கிலோமீட்டர் தண்ணீரில் உருண்டு வந்ததால் முனை மழுங்கி, கலவையில் வழுக்கிக்கொண்டு ஓடும், தண்ணீர் குறைவாகக் கேட்கும், கொத்தனாரின் கரண்டிக்கு இதம். தலைமுறை தலைமுறையாக இதிலேயே கை பழகியவர்களிடம் போய் வேறொன்றைக் கொடுத்தால் முகம் சுளிக்கத்தான் செய்வார்கள். தரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை, அதாவது வருவது நிஜமாகவே ஆற்று மணலாக இருந்தால்.

அங்கேதான் சிக்கல். தமிழ்நாட்டில் ஆற்று மணல் குவாரிகளை 2003-இல் அரசே எடுத்துக்கொண்டது. 2017-இல் குவாரிகளை ஆறு மாதத்துக்குள் மூட வேண்டும் என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2023 செப்டம்பரில் அமலாக்கத் துறை சோதனை நடத்திய பிறகு இருந்த குவாரிகளும் பெரும்பாலும் ஓய்ந்துபோயின. ஆகவே இன்று ஒருவர் "ஆத்து மணல்தான் சார், ராத்திரி இறக்கிடறோம்" என்றால் அந்த ராத்திரி என்ற வார்த்தையிலேயே எல்லாம் இருக்கிறது. நடைச்சீட்டு, அதாவது மணல் ஏற்றிச் செல்லும் அனுமதி, இல்லாத லாரி பிடிபட்டால் வண்டியோடு போகும், நீங்கள் கொடுத்த முன்பணமும் அதோடு போகும். பிடிபடாமல் வந்தாலும் அது ஆற்றிலிருந்து வந்ததா, எங்கோ ஓடைச் சவுட்டை, அதாவது மண் கலந்த மட்ட மணலை, கழுவிச் சலித்த 'ஃபில்டர் மணலா' என்பது கொட்டிய பிறகுதான் தெரியும்.

இவ்வளவும் சட்டமும் பணமும். என் தயக்கத்துக்கு இன்னொரு காரணம் தண்ணீர். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு யூனிட் என்பது 100 கன அடி. ஆற்றில் கிடக்கும் மணலில் பருக்கைகளுக்கு நடுவே சுமார் 30 சதவீதம் வெற்றிடம், வெள்ளம் வரும்போது அந்த இடமெல்லாம் தண்ணீர். ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 850 லிட்டர் ஆகிறது. ஒரு வீட்டுக்குப் பதினைந்து யூனிட் என்று வைத்துக்கொண்டால் 12,000 லிட்டருக்கு மேல், அதாவது ஒரு பெரிய தண்ணீர் லாரி. அதில் ஒரு பங்கு மணலோடு ஒட்டிக்கொண்டு வெளியே வராது என்றாலும், மீதி ஒவ்வொரு வெள்ளத்துக்கும் மறுபடி நிரம்பும், வெயிலில் ஆவியாகாமல் கீழேயே இருக்கும், மெதுவாகப் பக்கத்துக் கிணறுகளுக்கு நகரும். பெண்ணையாற்றுப் படுகையில் கிணறு போட்டுக் குடிநீர் எடுக்கும் ஊர்கள் விழுப்புரம், கடலூர் இரண்டு மாவட்டங்களிலும் உண்டு. நாம் ஒரு முறை சுவரில் பூசிவிட்டால் படுகை என்ற அந்தத் தண்ணீர்த் தொட்டியின் அந்தத் துண்டு போனது போனதுதான்.

கடல் பக்கத்தில் இது இன்னும் கடுமை. ஆற்றின் தரை மணல் எடுத்து எடுத்துக் கடல் மட்டத்துக்கும் கீழே இறங்கிவிட்டால், கடலில் ஏற்றம் வரும் நேரத்தில் உப்புத் தண்ணீர் உள்ளே ஏறி வரும். வெள்ளம் இல்லாத மாதங்களில் அதைத் திருப்பித் தள்ள மேலிருந்து நல்ல தண்ணீரும் வராது. நிலத்தடியில் உப்பு ஏறுவதற்கு ஆழ்துளைக் கிணறுகளும் ஒரு காரணம், மணலை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் ஒரு பக்கம் மோட்டார் உறிஞ்ச, இன்னொரு பக்கம் படுகை பள்ளமாக, கடலுக்கு இரண்டு கதவும் திறந்த மாதிரி ஆகிவிடுகிறது.

கடற்கரையும் ஆற்று மணலால்தான் வாழ்கிறது என்பது பலருக்குத் தோன்றாது. ஆறுகள் கொண்டு வந்து கடலில் போடும் மணலை அலை எடுத்து நம் கரையோரமாக வடக்கு நோக்கி நகர்த்திக்கொண்டே இருக்கிறது, ஆண்டு மொத்தத்தில் பார்த்தால் தெற்கிலிருந்து வடக்குதான். 1980-களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காக அரியாங்குப்பத்து ஆறு கடலில் சேரும் இடத்தில் அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டினார்கள். மணல் தெற்கே தேங்கியது, வடக்கே நகரத்தின் கடற்கரை காணாமல் போய்க் கருங்கல் குவியல்தான் மிச்சமானது. அரிப்பு அப்படியே வடக்கே நகர்ந்து தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் என்று மீனவ ஊர்களைத் தொட்டது. 2018 வாக்கில் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் வைத்த ஆப்பு வடிவ இரும்புத் தடுப்புக்குப் பிறகுதான் கொஞ்சம் மணல் திரும்பியது. வழியை மறித்ததற்கே இந்தப் பாடு என்றால் ஆற்றிலேயே மணலைக் குறைத்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். அதுவும் மேலே ஏற்கெனவே அணைகள் நிற்கின்றன. கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை இரண்டும் 1950-களில் வந்தவை, இரண்டுக்கும் பின்னால் எத்தனையோ ஆண்டு மணல் படிந்து கிடக்கிறது, கடலூருக்கு வர வேண்டியது.

"2024-இல் ஃபெஞ்சல் புயலுக்கு வந்த வெள்ளத்தில் ஆறு நிறைய மணலைக் கொண்டு வந்துவிட்டதே, எடுத்தால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. அந்த டிசம்பரில் சாத்தனூரிலிருந்து நொடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட்டார்கள், கரையோர வயல்களில் எல்லாம் மணல் மேடு போட்டது உண்மை. ஆனால் வெள்ளம் ஓரிடத்தில் போடும் மணல் பெரும்பாலும் இன்னோரிடத்தில் அரித்து எடுத்ததுதான். முன்பே தோண்டி வைத்த பள்ளங்கள் இருந்தால் முதலில் அவைதான் நிரம்பும். வயலில் விழுந்த மணலை விவசாயி அகற்றித்தான் ஆக வேண்டும், அதை முறைப்படி அனுமதி கொடுத்து விற்க வழி செய்தால் அது வேறு விஷயம், அதற்கு நான் எதிரியில்லை.

இனி எம்-சாண்ட். கருங்கல்லை உடைத்து, கடைசிக் கட்டத்தில் சுழலும் இயந்திரத்தில் கல்லைக் கல்லோடு மோதவிட்டுப் பருக்கையை ஓரளவு கனசதுரமாக்கி, பிறகு தண்ணீரில் கழுவிப் பொடியை நீக்கினால் அது எம்-சாண்ட். இந்தக் கடைசி இரண்டு வேலையையும் செய்யாமல், ஜல்லி உடைக்கும்போது கீழே விழுந்த தூளை அப்படியே அள்ளிக் கொடுத்தால் அது கிரஷர் டஸ்ட். இரண்டும் ஒரே சாம்பல் நிறம், பார்த்த மாத்திரத்தில் வித்தியாசம் தெரியாது, இந்த ஊரில் எம்-சாண்டைப் பற்றி வரும் புகார்களில் நான் கேட்டவரை பெரும்பாலானவை உண்மையில் டஸ்ட்டைப் பற்றிய புகார்கள். இந்திய தர நிர்ணயம் ஐஎஸ் 383-இன் 2016 பதிப்பில் 75 மைக்ரான் சல்லடையில் இறங்கும் நுண்பொடி, கல்லை உடைத்துச் செய்த மணலில் 15 சதவீதம் வரை இருக்கலாம். இயற்கை மணலில் 3 சதவீதம்தான். கல் பொடியைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளலாம், களிமண்ணைப் பொறுக்க முடியாது என்பதுதான் இதன் பொருள். டஸ்ட் இந்த 15-ஐயும் தாண்டிப் போகும்.

எம்-சாண்டின் பருக்கைக்கு முனை இருக்கும், அதனால் ஒன்றோடொன்று நன்றாகப் பிடிக்கும், பலத்துக்கு அது நல்லது. அதே முனையால் கலவை விறைப்பாக இருக்கும், "கரண்டி ஓடலை" என்று சத்தம் வரும், உடனே ஒரு குடம் தண்ணீர் கூடப் போகும். எம்-சாண்டில் கட்டிய வீடு கெடுவது பெரும்பாலும் அந்தக் கூடுதல் குடத்தால்தான். தண்ணீர் கூடினால் பலம் குறையும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது; நம் ஊருக்கு அதைவிட முக்கியம், தண்ணீர் ஆவியாகிப் போன இடமெல்லாம் நுண்ணிய துளையாக நின்று, தேவனாம்பட்டினம் கடற்காற்றில் இருக்கும் உப்புக்குக் கம்பி வரை வழி போட்டுக் கொடுக்கும். தளம் போடும் நாளில் சிமென்ட் மூட்டைக்கு இத்தனை லிட்டர் தண்ணீர் என்று பொறியாளரிடம் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், கலவை விறைத்தால் தண்ணீருக்குப் பதில் பிளாஸ்டிசைசர் என்ற, கலவையை இளக்கும் திரவத்தை ஊற்றச் சொல்லுங்கள். அதன் செலவு மொத்தத்தில் தெரியவே தெரியாது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது அதிகமில்லை. தமிழ்நாடு பொதுப்பணித் துறை எம்-சாண்ட், பி-சாண்ட் ஆலைகளைச் சோதித்துச் சான்று கொடுக்கிறது, ஆலையின் பெயரைக் கேட்டு அது பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். லாரி வந்ததும் ஒரு பிடி எடுத்து நனைத்துத் தேய்த்தால் கையில் சேறு மாதிரி அப்பிக்கொள்கிறதா பாருங்கள். அளவுக்கு ஒரு சோதனை: அளவுக் கோடு போட்ட கண்ணாடிக் குவளையில் வந்த ஈர மணலை 200 வரை நிரப்பி, வேறொன்றில் கொட்டி, குவளையில் பாதி தண்ணீர் வைத்து அதே மணலைத் திரும்பப் போட்டுக் குச்சியால் கிளறுங்கள். அது 160-இல் போய் நின்றால் நீங்கள் ஐந்தில் ஒரு பங்கு காற்றுக்குப் பணம் கொடுக்கிறீர்கள் என்று அர்த்தம். ஈரத்தில் உப்பிய மணல் பத்து யூனிட் என்று வந்தாலும் உள்ளே எட்டுதான், கன அடிக் கணக்கில் விற்கும் எந்த மணலுக்கும் இது பொருந்தும். சந்தேகம் என்றால் பாலிடெக்னிக் அல்லது பொறியியல் கல்லூரி ஆய்வகத்தில் கட்டணம் கட்டிச் சல்லடைச் சோதனை செய்துவிடலாம்.

எம்-சாண்ட் பாவமே இல்லாத பொருள் என்று நான் சொல்லவில்லை. நியாயமாகப் பார்த்தால் ஆற்று மணல் கொஞ்சமாவது திரும்பி வரும், உடைத்த மலை திரும்பி வரவே வராது. குவாரிப் பக்கத்து ஊர்க்காரருக்கு வெடிச் சத்தம், வயலெல்லாம் வெள்ளைத் தூசி, வீட்டுச் சுவரில் விரிசல், சாலையில் ஓயாத டிப்பர், கடைசியில் ஆழம் தெரியாத ஒரு தண்ணீர்க் குழி. நம் வீட்டுக்காக நாம் பெண்ணையாற்றைக் காப்பாற்றி வானூர்க்காரர் தலையில் கட்டுகிறோம் என்று ஒருவர் சொன்னால் என்னிடம் முழுப் பதில் கிடையாது. பாறையின் இருப்பு ஆற்று மணலைவிடப் பல மடங்கு பெரிது. குவாரியின் கேடு பெரும்பாலும் சுற்று வட்டாரத்தோடு நிற்கும், கட்டுப்படுத்தவும் முடியும். ஆற்றின் கேடு கீழே போகப் போகப் பரவும். இந்தக் காரணங்களுக்காகத்தான் எம்-சாண்ட் பக்கம் நிற்கிறேன், அதுவும் குறைவாக வாங்கினால்தான்.

மற்ற வழிகளைச் சீக்கிரம் முடித்துவிடலாம். கடற்கரை மணல்: எடுப்பது கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கைப்படி தடை, போட்டால் உப்பு கம்பியைத் தின்னும், சுவர் ஈரத்தை இழுத்துப் பூக்கும். கழுவிய கடல் மணலைக் கட்டடத்துக்குப் பயன்படுத்தும் நாடுகள் உண்டு, ஆனால் அது பெரிய ஆலையில் சோதனையோடு செய்வது, நம் தெருமுனையில் குழாய்த் தண்ணீர் பீய்ச்சிச் செய்வதில்லை. சவுடு மண்: கட்டடத்துக்கு ஆகாது. இறக்குமதி மணல்: 2017-இல் மலேசியாவிலிருந்து தூத்துக்குடிக்கு வந்து பெரிய செய்தியானது, அங்கிருந்து கடலூர் வரை லாரி வாடகையே போதும் நம்மைக் கவிழ்க்க.

நெய்வேலி வழி மட்டும் எனக்கு ஆர்வமாக இருக்கிறது. நிலக்கரிக்கு மேலே தோண்டிக் குவித்த மண்ணைக் கழுவிப் பிரித்து மணலாக்கும் ஆலையை நெய்வேலி நிலக்கரி நிறுவனமான என்எல்சி தொடங்கியிருக்கிறது. எப்படியும் தோண்டித் தூக்கிப் போட்ட மண், ஆற்றையும் தொட வேண்டாம் மலையையும் உடைக்க வேண்டாம். சுரங்கமே நிலத்தையும் நிலத்தடி நீரையும் எவ்வளவு மாற்றியது என்பது தனிக் கதை, கீழ்நீரின் அழுத்தத்தைக் குறைக்கப் பல பத்தாண்டுகளாக இரவு பகலாகத் தண்ணீரை இறைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் கிடக்கிற மேட்டைப் பயன்படுத்துவதில் தப்பில்லை. பண்ருட்டி, வடலூர், விருத்தாசலம் பக்கத்தில் கட்டுகிறவர்கள் இந்த மணல் தங்கள் ஊர்க் கடைக்கு வருகிறதா என்று விசாரித்து, மேலே சொன்ன அதே சோதனைகளைச் செய்து வாங்கிப் பார்க்கலாம்.

குறைத்துக்கொள்வதற்கு வருகிறேன். ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு மேஸ்திரிகள் சொல்லும் கணக்கு பன்னிரண்டிலிருந்து பதினெட்டு யூனிட் வரை போகும், ஆளுக்கு ஆள் மாறும். இதில் முதல் வெட்டு பேஸ்மட்டத்தில். தரைக்குக் கீழே நிரப்ப நல்ல மணலைக் கொட்டுவது பழைய பழக்கம், அங்கே கிராவலும் கடைக்கால் தோண்டிய மண்ணும் அடுக்கடுக்காகத் தண்ணீர் விட்டு இடித்தால் போதும். அடுத்தது பூச்சு. கோணல்மாணலான செங்கல்லுக்குப் பதில் அளவாக வரும் சாம்பல் கல் வைத்தால் பூச்சின் கனம் குறையும், நெய்வேலி அனல் மின் நிலையச் சாம்பல் இருப்பதால் அந்தக் கல் நமக்குப் பக்கத்திலேயே கிடைக்கிறது. உள்சுவருக்கு ஜிப்சம் பூசினால் மணலே வேண்டாம், தண்ணீர் ஊற்றி ஆற வைக்கவும் தேவையில்லை. குளியலறை, சமையலறைச் சுவர், வெளிச்சுவர் இங்கெல்லாம் அது கூடாது. பழைய வீட்டை இடித்துவிட்டுக் கட்டுகிறவர்கள் இடிபாட்டை ஏரிக்கரையில் போய்க் கொட்டாமல் உடைத்து அடிமட்டத்திலேயே போடலாம்.

பூச்சு மணல் பற்றி ஒரு வார்த்தை. எம்-சாண்டைச் சலித்துப் பூசப் பார்ப்பார்கள், வேண்டாம், மயிரிழை விரிசல் விடும். பி-சாண்ட் என்று தனியாகவே கேட்டு வாங்குங்கள், சுவரை முதல் நாளே நன்றாக நனைத்து வையுங்கள், பூசிய பிறகு ஒரு வாரமாவது தண்ணீர் காட்டுங்கள். வெளிச்சுவர்ப் பூச்சுக்கு மட்டும் ஆற்று மணல்தான் வேண்டும் என்று கொத்தனார் ஒற்றைக் காலில் நின்றால், சீட்டோடு கிடைக்கிற பட்சத்தில் இரண்டு யூனிட் வாங்கிக் கொடுத்துவிடலாம், அதற்காகச் சண்டை போட்டு வேலையை நிறுத்த வேண்டியதில்லை.

வாங்கும் நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் குவாரிக் குழிகளில் தண்ணீர் நிற்கும், லாரி வரத்து குறையும், வருவதும் ஈரத்தில் உப்பி வரும். அக்டோபருக்குள் தளம் முடிகிற மாதிரி வேலையைத் திட்டமிட்டால் எம்-சாண்டை ஜூன், ஜூலையிலேயே இறக்கித் தார்ப்பாய் போட்டு மூடி வைத்துவிடலாம். புதுச்சேரிக்காரர்கள் ஆலையின் ரசீதையும் எல்லை தாண்டி வந்த நடைச்சீட்டின் நகலையும் கேட்டு வாங்கிக் கோப்பில் வையுங்கள். கொடுக்க மாட்டேன் என்கிற ஆளிடம் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்க வேண்டாம், அடுத்த ஆளைப் பாருங்கள்.